மூடுகிற ஜன்னலுக்கு விலை அதிகம்

சென்ற மாதம் நந்தினி போன் செய்தாள். ராமநாதபுரத்தில் நான் பில் எழுதவும், பிறகு அளவெடுக்கவும், இடையிடையே கஸ்டமர்களிடம் திட்டு வாங்கவுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜன்னல் கடையை இப்போது நடத்துகிறவள் அவள்தான். எங்கள் முதலாளியின் மகள். குரலில் அழாத குறை.

"அக்கா, கீழக்கரையில ஒரு பார்ட்டி. எதிரும் புதிருமா ரெண்டு வீடு, ரெண்டு சமையல்கட்டு ஜன்னல். துருப்பிடிச்சுப் போச்சு, மாத்தணும்னாங்க. பழசுல பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. அதச் சரிபண்ணி, வெலையும் கொறச்சு கொட்டேஷன் அனுப்புனேன். வேணாங்கிறாங்க. இன்னொரு டிசைன் அனுப்புனேன். அதுவும் வேணாமாம். 'பழைய தப்பையே திரும்பப் போட்டுத் தாங்க'ன்னு சொல்றாங்கக்கா. நான் படிச்ச காலேஜ்ல இதுக்குப் பாடமே இல்லையே!"

"யாரு, மரியம் பீவி வீடா?"

"ஆமா. எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

தப்பு செய்த கடையில் வேலை பார்த்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? "நேரில் போய்ப் பார்ப்போம், வா" என்று சொல்லி ஒரு நாள் போய்விட்டு வந்தோம். திரும்பி வரும்போது, "இதை அப்படியே எழுதிக் குடுங்கக்கா, நம்ம கடையில புதுசா சேந்திருக்கிற ஆளுகளும் படிக்கட்டும்" என்றாள். படிக்கட்டும். சுவரில் லேசர் மீட்டரால் சிவப்புப் புள்ளி அடித்துவிட்டால் ஜன்னலை அளந்தாகிவிட்டது என்று நினைக்கிற ஆட்கள் அவர்கள்.

என் பெயர் முத்துராக்கு. கடலாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் ஊர் வீடுகளில் ஜன்னல் என்றால் பூனை வந்து போவதற்கு விட்ட வழி. அதற்குக் கண்ணாடி போடலாம் என்றோ, அதற்கு ஒருவர் விலை சொல்லிப் பிழைக்கலாம் என்றோ எனக்குத் தெரியாது. பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டுக் கடையில் பில் எழுதச் சேர்ந்தேன். கொஞ்ச நாள் அப்படியே போயிற்று.

என்னை அளவெடுக்க அனுப்பியது கீழக்கரைதான். அந்த ஊரில் முக்கால்வாசி ஆண்கள் சவுதியிலும் துபாயிலும் இருப்பார்கள். ஜன்னல் மட்டும் கீழக்கரையில் இருக்கும். எங்கள் கடையில் அளவெடுக்கிற மாரிச்சாமி அண்ணன் போனால், வீட்டில் ஆம்பளை யாரும் இல்லை என்று வாசலோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு வீட்டில் பெண்களே உள்ளே தையல் நூலால் ஜன்னலை அளந்து, நூலை அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். நூல் பஸ்ஸில் வரும்போது என்ன ஆனதோ, செய்து கொண்டுபோன ஜன்னல் சுவருக்குள் நுழையவே இல்லை. மறுநாள் காலையில் முதலாளி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ராக்கு, இனிமே நீ போ."

"எனக்கு அளக்கத் தெரியாது முதலாளி."

"நூலுக்கும் தெரியலை. போ."

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. மற்றதெல்லாம் போகப் போகப் படிந்தது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றும் மூன்று விதமாக வரும். அதில் சின்னதை எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்துக்கும் அதே கதை. பிறகு மூலைக்கு மூலை குறுக்கே டேப்பைப் பிடித்தால் ஜன்னலின் கோணல் தெரியும். "கொத்தனார் நேராத்தான் வச்சாரு, கடக்காத்துதான் கோணலாக்கிருச்சு" என்பார்கள் வீட்டுக்காரர்கள். எங்கள் பக்கம் எதற்கும் கடல் காற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம். அதுவும் வந்து மறுத்துப் பேசாது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வீட்டுக்குள் இருக்கும்போது விலை சொல்லவே கூடாது. "தோராயமா எம்புட்டு ஆகும் ஜன்னலக்கா?" என்று டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பார்கள். கீழக்கரையில் எனக்கு அந்தப் பெயர்தான். டீயைக் குடித்துவிட்டு, "முதலாளி வந்து உப்புப் பாத்துத்தான் சொல்லணும்" என்பேன். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். முதலாளி வருகிறவரைக்கும்தான் அந்த நினைப்பு.

முதலாளி செல்லப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, பைக்குள் ஒரு சீப்பு. தலையில் முடி போன பிறகும் சீப்பு போகவில்லை. பேச்சுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு தடவை இருமினால் 'சரி' என்று அர்த்தம். இரண்டு தடவை இருமினால் 'முடியாது, பேச்சை விடு' என்று அர்த்தம். கடையில் எல்லோரும் இந்த இருமலை வைத்தே சம்பள உயர்வு, லீவு, அட்வான்ஸ் எல்லாம் கேட்டுப் பழகியிருந்தோம். ஒரு முறை அவருக்கு நிஜமாகவே சளி பிடித்தது. அந்த வாரம் முழுக்கக் கடையில் யாருக்கும் எதுவும் புரியவில்லை.

அவர் உப்புப் பார்க்கிற விதம் இப்படி இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் யாரையும் பார்க்க மாட்டார். நேராக ஜன்னலுக்குப் போவார். வலது கை மோதிர விரலை ஜன்னல் திண்டின் ஒரு ஓரத்தில் வைத்து, மறு ஓரம் வரைக்கும் மெதுவாக இழுப்பார். விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அப்புறம் நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்களுக்கு வயிற்றைக் குமட்டிக்கொண்டு வரும். கண்ணைத் திறந்ததும் தீர்ப்பு வரும்: "ரெண்டு தெரு உள்ள தள்ளி இருக்கு. சாதா ஸ்க்ரூ போதும்." அல்லது: "கடலப் பாத்த ஜன்னல். துருப்பிடிக்காத ஸ்க்ரூ, கனமான கோட்டிங்." விலை அதை வைத்துத்தான். எங்கள் கடையின் ரேட்டெல்லாம் அவருடைய நாக்கிலிருந்து இறங்கியவை. அவர் சொன்னது தப்பாகி நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு மானம் போகும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியபட்டினத்தில் ஒரு அம்மா இவர் திண்டைத் தடவி நக்குவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். "பாவம், காலையில பசியாறாம வந்துட்டாரு போல. சொல்லப்படாதா?" என்று ஒரு தட்டு நிறைய இடியாப்பமும் முட்டையும் வைத்துக் கொடுத்தார். முதலாளி மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வீட்டுக்கு மட்டும் கேட்காமலேயே தள்ளுபடி கிடைத்தது. ராமேஸ்வரத்தில் கடலுக்கு எதிரே வீடு கட்டியிருந்த ஒரு ரிட்டயர்டு ஆபீசர், சுவர் முழுக்க இரும்புச் சட்டத்தில் கண்ணாடி வேண்டும் என்றார். முதலாளி விரலை நாக்கில் வைத்த வேகத்தில் எடுத்து, குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "சார், இங்கன இரும்பு போட்டா ஜன்னலு கருவாடாயிரும். நான் வாரேன்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டார்.

இனி மரியம் பீவி வீடு.

கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மரியம் பீவிக்கு அவருடைய வாப்பா தாம் குடியிருந்த பழைய வீட்டைக் கொடுத்தார். தங்கை ஜெய்னம்புக்கு அதே வீட்டுக் கொல்லையில் புது வீடு கட்டினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து. இரண்டு சமையல்கட்டு ஜன்னலும் அந்தச் சந்தைப் பார்த்து, நேருக்கு நேர். அடுப்படியில் நின்றபடியே பிள்ளைகள் பேசிக்கொள்ளட்டும் என்று அந்த மனிதர் ஆசைப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் அளவெடுக்கப் போனபோது அவரும் உயிரோடு இல்லை, அவருடைய பெண்கள் இருவரும் பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் அவர்களுடைய அண்ணன் சாகுல் காக்கா. சவுதியில், தமாமில் வேலை. ஒரு விடுமுறைக்கு வந்தபோது மரியம் பீவி காலையிலிருந்தே பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். காக்கா பசியோடு காரிலிருந்து இறங்கியிருக்கிறார். தெருவில் நின்ற ஜெய்னம்பு "வாங்க காக்கா" என்றிருக்கிறார். காக்காவும் அந்த வீட்டிலேயே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். தீர்ந்தது கதை. மூத்தவளை மதிக்கவில்லை என்று அங்கே வாய் மூடியது; கூப்பிட்டுச் சோறு போட்டது குற்றமா என்று இங்கே வாய் மூடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து இறங்குகிற அன்றைக்கே அந்த மனிதர் இரண்டு வீட்டிலும் முழுச் சாப்பாடு சாப்பிட்டாக வேண்டியதாயிற்று. "இந்தத் தொப்ப கம்பெனிச் சாப்பாட்டுல வந்தது இல்லம்மா, தங்கச்சிமார் போட்டது" என்று என்னிடமே சொன்னார்.

அவர்தான் இரண்டு வீட்டுக்கும் எல்லா ஜன்னலையும் மாற்றித் தர முன்வந்தார். மர ஜன்னல்கள் மழைக்கு ஊறி மூட முடியாமலும், வெயிலுக்குச் சுருங்கித் திறந்தபடியும் கிடந்தன. தமாமிலிருந்து வீடியோ காலில் எனக்கு ஒரே ஒரு கட்டளை: "ரெண்டு வூட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு ஸ்க்ரூகூட வித்தியாசம் வரப்படாது. வந்துச்சுன்னா நான் ஊருக்கே வர முடியாதும்மா."

ஒரே மாதிரி என்று வாயால் சொல்வது சுலபம். மூத்தவரிடம் போய் என்ன கலர் என்று கேட்டால், "அங்கிட்டு என்ன கலர் சொன்னாங்க?" என்பார். இன்னும் சொல்லவில்லை என்றால், "அவங்க சொல்லட்டும்." சந்தைத் தாண்டி இளையவரிடம் போனால், "பெரியவங்க இருக்கும்போது நான் முந்திக்கிட்டுச் சொல்லலாமா? அவங்க என்ன சொன்னாங்க?" இந்த ஒரு கலருக்காக நான் நடந்த நடையில் சேதுக்கரைக்கே போய்த் திரும்பியிருக்கலாம். கடைசியில் காக்கா வெள்ளை என்றார். இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள்: "நான் மொதல்லயே வெள்ளதான் நெனச்சேன்."

பிறகு சமையல்கட்டு ஜன்னலுக்கு வந்தோம். மரியம் பீவி சந்துப் பக்கம் பார்க்காமலேயே கையை நீட்டிக் காட்டினார்.

"இத மட்டும் தொறக்காத மாதிரி போட்டுருங்க ஜன்னலக்கா. ஒரே கண்ணாடியா வச்சு அடைச்சிருங்க. வெளிய தெரியாத கண்ணாடி. அங்கிட்டுப் பாத்து நமக்கு என்ன ஆகப்போகுது?"

இளையவர் வீட்டிலும் அதே பேச்சு. "அடைச்சிருங்கக்கா. தொறந்து வச்சு யாரு மூஞ்சியில முழிக்க?"

சரி, ஒரே மாதிரி வந்ததே, நமக்கு வேலை மிச்சம் என்றுதான் அப்போது நினைத்தேன். அளக்கும்போது மரியம் பீவியின் ஜன்னலில் ஒரு கம்பி இல்லாததைக் கவனித்தேன். "உப்புக் காத்து அரிச்சிருச்சு" என்றார். இளையவர் வீட்டிலும், நேர் எதிரே, அதே இடத்தில், ஒரு கம்பி இல்லை. "உப்புக் காத்துக்கா" என்றார் அவரும். மற்ற கம்பிகள் எல்லாம் கல்லுமாதிரி நின்றன. கம்பி போன இடத்தைத் தடவிப் பார்த்தேன். அறுத்து, கையில் கீறாதபடி அரத்தால் ராவி விட்டிருந்தது. அரம் பிடிக்கிற உப்புக் காற்றை என் சர்வீஸில் அங்கேதான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளி உப்புப் பார்க்க வந்தார். நான் கூட இருந்ததால் அவரை உள்ளே விட்டார்கள்; வழக்கம்போல வீட்டுப் பெண்கள் உள்ளறைக்குப் போய்விட்டார்கள். சமையல்கட்டில் நானும் அவரும் மட்டும். விரலைத் திண்டில் இழுத்தார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. பிறகு மறுபடியும் ஒரு தடவை இழுத்து நக்கினார். ஒரே ஜன்னலை அவர் இரண்டு தடவை ருசி பார்த்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"ராக்கு, இனிக்குது."

"என்ன முதலாளி?"

"தேங்காப்பாலு, கருப்பட்டி. தொதலு."

தொதல் கீழக்கரைக்காரர்கள் கிளறுகிற அல்வா. நான் உள்ளறைப் பக்கம் திரும்பி, அக்காவை அவர்கள் கூப்பிடுகிற முறையிலேயே, "ராத்தா, வீட்ல தொதல் கிண்டுனீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குச் சக்கர வியாதி. இந்த வூட்டுல தித்திப்பு வாங்குறதும் இல்ல, செய்யுறதும் இல்ல" என்று மரியம் பீவியின் குரல் மட்டும் வந்தது.

முதலாளி நேராக இளையவர் வீட்டுக்குப் போனார். அங்கே திண்டில் விரலை இழுத்தார். "மீன் ஆணம். வெந்தயம் தூக்கல்" என்றார். ஆணம் என்றால் அவர்கள் பக்கத்தில் குழம்பு.

நான் உள்ளே கேட்டேன்: "இன்னிக்கு மீனா ஆக்குனீங்க?"

"மீனைத் தொட்டாலே எனக்குக் கை தடிச்சிரும். நான் மீன் ஆக்கியே பல வருஷமாச்சு" என்றார் ஜெய்னம்பு.

வெளியே வந்து சந்தில் நின்றோம். முதலாளி இந்த ஜன்னலைப் பார்த்தார், அந்த ஜன்னலைப் பார்த்தார். பையிலிருந்து சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூத்தவருக்குத் தொதல் தங்கை வீட்டிலிருந்து வருகிறது. இளையவருக்கு மீன் அக்கா வீட்டிலிருந்து போகிறது. ஒரு கம்பி போன இடைவெளி வழியாக, ஒரு வார்த்தை பேசாமல், வருஷக்கணக்காகச் சட்டி போய் வந்துகொண்டிருக்கிறது.

"பெறகு எதுக்கு முதலாளி ரெண்டு பேரும் அடைக்கச் சொல்றாக?"

"இவ அடைக்கச் சொன்னா அவ வேணாம்பான்னு இவ பாக்கிறா. அவளும் அதையேதான் பாக்கிறா. ரெண்டு பேரும் வாயத் தொறக்கப் போறது இல்லை. நாம அடைச்சிட்டுக் காச வாங்கிட்டுப் போயிருவோம்."

இத்தனை ஜன்னல் போட்டிருக்கிறேன், ஒன்றை அடைப்பதற்கு அப்படி மனம் வலித்ததில்லை. காக்காவிடம் சொல்லிவிடலாமா என்றேன். இரண்டு தடவை இருமினார். அவர் சொல்வதும் நியாயம்தான். வெளியே தெரிந்துவிட்டது என்றால் வெட்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

அன்று சாயந்திரம் விலை சொல்கிற வீடியோ கால். கடையில் நானும் முதலாளியும்; தமாமில் காக்கா; கீழக்கரையில் ஆளுக்கொரு போனில் அக்காவும் தங்கையும். ஒரே காலில் இருந்துகொண்டு, "அவங்ககிட்ட கேளுங்க காக்கா", "அவங்ககிட்ட சொல்லுங்க காக்கா" என்று தமாம் வழியாகச் சந்தைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளி மற்ற ஜன்னல்களுக்கெல்லாம் விலையை வாசித்துவிட்டு, சமையல்கட்டுக்கு வந்தார். திறக்கிற ஜன்னலுக்கு ஒரு விலை சொன்னார். அடைக்கிற ஜன்னலுக்கு அதைப்போல மூன்று மடங்கு சொன்னார்.

காக்கா விழித்தார். "என்னங்க இது? இங்கெல்லாம் அடைக்கிறதுதானே சீப்பு?"

ஆமாம், எல்லா ஊரிலும் அதுதான் சீப்பு. நான் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஊமை மாதிரி இருக்கிற அந்த மனிதர் அன்றைக்குப் பேசினார் பாருங்கள்.

"அங்க ஏசி இருக்கு பாய், இங்க அடுப்பு இருக்கு. ஜன்னல அடைச்சா ஆவி எங்கிட்டுப் போகும்? எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கணும். ஃபேனுக்குச் சுவத்துல ஓட்டை போடணும். பழைய சுண்ணாம்புச் சுவரு, ஓட்டை போட்டா உதிரும், பூசணும். பூசுனா கலர் ஒட்டாது. அடுப்படி முழுக்க வெள்ளையடிக்கணும். ஃபேனுக்கு ஒயர் இழுக்கணும். கரண்ட் போனா பொகையில கண்ணு தெரியாது, அதுக்கு இன்வெர்ட்டர். இதெல்லாம் சேத்துத்தான் சொல்லியிருக்கேன். ரெண்டு வீட்டுக்கும்."

ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எந்தக் கஸ்டமரிடமும் அவர் இன்வெர்ட்டர் வரைக்கும் போனதில்லை.

காக்கா யோசித்தார். அதற்குள் மரியம் பீவி முந்திக்கொண்டார். "காக்கா, ஒங்க ஒழப்ப எதுக்கு வீணாக்கணும்? தொறக்கிற மாதிரியே போடட்டும். நான் என்ன தொறக்கவா போறேன்?"

ஜெய்னம்பும் விடவில்லை. "அதானே காக்கா. போட்டு வைக்கட்டும். நான் மட்டும் தொறக்கவா போறேன்?"

இரண்டு குரலிலும் இருந்த நிம்மதியைத் தமாமில் இருந்தவரைத் தவிர எல்லோரும் கேட்டோம்.

கால் முடிந்ததும் அடுத்தது டிசைன். கதவு பக்கவாட்டில் நகர்கிற ஸ்லைடிங் ஜன்னல் போடுவோம் என்றேன். தண்டவாளத்தில் மணலும் உப்பும் சேர்ந்து இறுகிவிடும் என்றார் முதலாளி. அப்படியானால் பழையபடி சின்னச் சின்னதாக இரட்டைக் கதவு வைப்போம் என்றேன். "ஒத்தக் கதவு. வெளிப் பக்கமாத் தொறக்கணும்" என்றார்.

"ஒத்தக் கதவுன்னா அகலம் ஜாஸ்தி முதலாளி. சந்து பத்தாதே?"

இரண்டு இருமல். நான் வாயை மூடிக்கொண்டேன். கம்பியில் மட்டும் ஒரு கட்டத்தை, குழம்புக் கோப்பை தாராளமாகப் போகிற அகலத்துக்கு விடச் சொன்னேன். "காத்துக்கு" என்று இரண்டு வீட்டிலும் விளக்கம் சொன்னேன். "ஆமா, காத்து வேணும்தான்" என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஜன்னல் மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மரியம் பீவியிடமிருந்து போன்: ஜன்னல் எதிலேயோ இடிக்கிறது. அதை வைப்பதற்குள் ஜெய்னம்பிடமிருந்து போன்: இடிக்கிறது. திறக்கவே போவதில்லை என்ற ஜன்னல் எப்படி இடித்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முதலாளியை மனதுக்குள் வைதுகொண்டே பஸ் ஏறினேன்.

மரியம் பீவியின் சமையல்கட்டில் நின்று பார்த்தேன். ஒரு கதவைத் திறந்தால் சந்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. எதிர்க் கதவையும் திறந்தால் இரண்டும் மோதுகின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் முழுக்கத் திறக்காது. ஒருவர் திறக்க வேண்டுமானால் மற்றவர் தன் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் டேப்பை விரித்துக்கொண்டிருந்தபோது, மரியம் பீவி அடுப்பிலிருந்து இறக்கிய கோப்பையை என் கண் மறைவாகவே ஜன்னலுக்குக் கொண்டுபோய், கரண்டியால் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி, கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். எதிரே தட்டின சத்தம் கேட்ட ஜெய்னம்பு தன் கதவைத் தள்ளினார். அது இந்தக் கதவில் இடித்து, இந்தக் கதவு கொதிக்கிற ஆணத்தோடு வெளியே நீட்டியிருந்த கையில் வந்து சாய்ந்தது.

"அந்தப் பக்கம் கொஞ்சம் இழுக்கச் சொல்லுங்க ஜன்னலக்கா" என்றார் மரியம் பீவி, என்னைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பெரியவங்களே இழுத்தா என்னவாம்னு கேளுங்கக்கா" என்று சந்துக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. இன்னும் ஒரு தள்ளு.

"ஏ ஜெய்னம்பு! தள்ளாத புள்ள, கை வேகுதுடி! இழுடி கதவ!"

கதவு பின்னால் போயிற்று.

"இழுத்துட்டேன் ராத்தா, இழுத்துட்டேன். கையில ஊத்திக்கிட்டீங்களா? அல்லாவே, காட்டுங்க இங்க."

நீட்டிய கையைப் பிடித்து, கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் எடுத்து ஜன்னல் வழியாகவே ஊற்றினார். மரியம் பீவியின் கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டுக்குத்தான் என்று முந்தானையால் துடைத்தபடி என்னிடம் சொன்னார். எனக்கும் வந்தது. எனக்குச் சூடு ஒன்றும் படவில்லை.

வேறு ஜன்னல் மாற்றித் தருகிறோம், காசு வேண்டாம் என்றேன். "பாப்போம், பாப்போம்" என்று இரண்டு பேருமே இழுத்தார்கள். சில நாள் கழித்துக் காக்கா தமாமிலிருந்து கூப்பிட்டார். "என்னம்மா ஜன்னல் போட்டீங்க? எப்ப போன் பண்ணுனாலும் ரெண்டு பேரும் நீ மூடு, நீ மூடுன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்காங்க. நான் பேசுறது ஒருத்திக்கும் காதுல ஏறல" என்று புகார் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். "மாத்த வேணாம்மா" என்று வைத்துவிட்டார்.

சந்து அகலம் தெரிந்தேதான் ஒற்றைக் கதவு போட்டீர்களா என்று முதலாளியிடம் அப்போதே கேட்டேன். "அளவு எடுத்தவ நீ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கடைக் கணக்கில் அது இன்றைக்கும் என் தப்புதான்.

நந்தினியோடு போனபோது அந்த வெள்ளை ஜன்னல்களில் கோட்டிங் உரிந்து, கீல்கள் துருவேறி இருந்தன. அக்காவும் தங்கையும் மூத்தவர் வீட்டுச் சமையல்கட்டில் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். நந்தினி புது ஸ்லைடிங் ஜன்னலின் படத்தைக் காட்டினாள். மரியம் பீவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இடிக்காதே?"

"இடிக்கவே இடிக்காதும்மா" என்றாள் நந்தினி பெருமையாக.

"அப்ப வேணாம்."

"இடிக்கலைன்னா இவங்க என்னையக் கூப்பிடுவாங்களா?" என்றார் ஜெய்னம்பு. "பழையபடி கோப்பைய வச்சிட்டுப் போயிருவாங்க. எனக்குத் தெரியாதா இவங்கள?"

மரியம் பீவி நந்தினியை அருகில் இழுத்து, ரகசியம் போலக் கேட்டார். "இடிக்கிற மாதிரி போடுறதுக்கு எக்ஸ்ட்ரா எதுவும் ஆகுமா தாயி?"

நந்தினி என்னைப் பார்த்தாள். எனக்குப் பழைய வாய்ப்பழக்கம் விடவில்லை. "முதலாளியத்தான் கேக்கணும்" என்றேன். எழுந்துபோய் ஜன்னல் திண்டில் மோதிர விரலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இழுத்தேன். நந்தினி முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சர்வீஸ் முழுக்க நானும் அப்படித்தான் திரும்பிக்கொண்டேன்.

முதலாளிக்கு இப்போது ரத்தக்கொதிப்பு. டாக்டர் உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். ஊர் ஜன்னல் உப்பையெல்லாம் தின்றவருக்கு வேறென்ன வரும்? போனில் கூப்பிட்டேன்.

"கண்ண மூடுனியா?" என்றார் முதல் கேள்வியாக.

"மூடுனேன் முதலாளி."

"என்ன?"

"தொதலு. மீன் ஆணமும் இருக்கு. ரெண்டும் ஒரே திண்டுல."

இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன்.

"முதலாளி, அன்னிக்குச் சந்து பத்தாதுன்னு தெரிஞ்சேதான ஒத்தக் கதவு போடச் சொன்னீக?"

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. இரண்டாவதுக்காகப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.